பரணில் கிடக்கும் பழைய இதழ்கள் யாருக்கு?

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு பார்வைக்குச் சிறியது. வீட்டில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கிடக்கும் பழைய வார, மாத இதழ்களை என்ன செய்வது? "இதற்கெல்லாம் ஓர் உரை வேண்டுமா?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியால் மனத்தாங்கல் ஏற்பட்ட குடும்பங்கள் உண்டு. இதற்குச் சரியான பதில் கிடைக்காததால் ஒரு சமுதாயத்தின் எழுத்துச் செல்வமே குப்பைக்குப் போனதும் உண்டு.

அம்பாங் வட்டாரத்தில் தரைவீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். நாற்காலி, மேசை, குளிர்பெட்டி எல்லாம் லோரியில் ஏறிவிட்டன. கடைசியாக நான்கைந்து அட்டைப்பெட்டிகள் மிஞ்சுகின்றன. உள்ளே இருப்பவை, வீட்டுப் பெரியவர் பதினைந்து, பதினாறு வயதில் சேர்க்கத் தொடங்கிய இதழ்கள். "புது வீட்டில் பரணே இல்லையே, இதை எங்கே வைப்பது?" என்கிறார் மனைவி. "இன்னுமா அப்பா இதை வைத்திருக்கிறீர்கள்?" என்கிறான் மகன். தெருவில் "சுராட் கபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு பழைய தாள் வாங்கும் லோரி வருகிறது. நாற்பது ஆண்டுச் சேமிப்பின் தலைவிதி ஐந்து நிமிடத்தில் எழுதப்படுகிறது.

யார் மீது குற்றம்? இடம் இல்லை என்று சொன்ன மனைவி மீதா? பயன் தெரியாத மகன் மீதா? இருவர் மீதும் இல்லை. முடிவெடுக்க நாற்பது ஆண்டுகள் அவகாசம் இருந்தும், அந்தக் கடைசி நிமிடம் வரை தள்ளிப்போட்டதுதான் குறை.

சில்லறைக் காசில் சேர்ந்த செல்வம்

இன்றைய இளைஞருக்கு அந்தக் காலத்து ஆசை எளிதில் விளங்காது. கைப்பேசியில் எல்லாம் கிடைக்கும் காலம் இது. அன்று தமிழகத்து இதழ் கப்பலேறி வரவேண்டும். பள்ளிக்குக் கொடுத்த காசில் மிச்சம் பிடித்துத்தான் அதை வாங்கவேண்டும். சிறுவர்களுக்கு 1947இல் தொடங்கிய அம்புலிமாமா. சற்று வளர்ந்தவர்களுக்கு, 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி. அதையும் தாண்டியவர்களுக்கு ஆனந்த விகடன், கல்கி. உள்ளூரில் தமிழ் நேசன், தமிழ் முரசு, பின்னாளில் ஆதி. குமணனின் வானம்பாடி, ஆதி. இராஜகுமாரனின் நயனம் என்று வரிசை நீண்டது.

கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. மணியம் வரைந்த படங்களோடு அந்தப் பக்கங்களை வாரந்தோறும் பிரித்தெடுத்து, நூலால் தைத்து, அட்டை கட்டி வைத்த வீடுகள் ஏராளம். அப்படித் தைக்கப்பட்ட தொடர்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய், பல கைகள் மாறி, ஓரம் கிழிந்து திரும்பி வரும். காசு கொடுத்துப் புத்தகம் வாங்க முடியாதவர்களின் நூலகம் அது.

தமிழ் முரசில் 1950களில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதி இருந்தது. தோட்டப்புறத்துப் பிள்ளைகளும் நகரத்துப் பிள்ளைகளும் அதற்கு எழுதினார்கள். இப்படிப்பட்ட பக்கங்களில் தம் பெயர் முதன்முதலாக அச்சில் வந்ததைப் பார்த்த ஒருவர் அந்த இதழை எப்படி எடைக்குப் போடுவார்? மற்றவர்களுக்கு அது மஞ்சள் தாள். அவருக்கு அது தம் இளமை.

மனம் ஏன் வரவில்லை?

இந்தப் பற்றைக் கேலி செய்யவேண்டாம். இது மனித இயல்பு. 1990இல் டேனியல் கானெமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பாதியினருக்குச் சாதாரணக் காப்பிக் குவளையை இலவசமாகக் கொடுத்து, "என்ன விலைக்கு விற்பீர்கள்?" என்று கேட்டார்கள். மறு பாதியினரிடம் "என்ன விலைக்கு வாங்குவீர்கள்?" என்று கேட்டார்கள். கையில் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் சொன்ன விலையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு! சற்று முன் கைக்கு வந்த குவளைக்கே இந்தப் பாசம் என்றால், நாற்பது ஆண்டு வைத்திருந்த இதழுக்கு எவ்வளவு இருக்கும்?

இதற்கு ஒரு மருந்தும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக மாணவர் விடுதிகளில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு அது. பொருள்களைத் தானமாகக் கொடுங்கள் என்று ஒரு பக்கம் அறிவிப்பு வைத்தார்கள். மறுபக்கம், மனத்துக்கு நெருக்கமான பொருளை முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பிறகு கொடுங்கள் என்று வைத்தார்கள். படம் எடுக்கச் சொன்ன இடத்தில் கூடுதலான பொருள்கள் வந்து சேர்ந்தன. பலர் விடமுடியாமல் பிடித்துக்கொண்டிருப்பது பொருளை விட அதன் நினைவைத்தான். நினைவு பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் கை தானாகத் திறக்கிறது.

கோட்டையூர் கற்றுத் தரும் பாடம்

கோலாலம்பூரின் லெபோ அம்பாங் வீதியை அறியாதவர் இல்லை. நகரத்தார் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்திய வீதி அது. அந்த நகரத்தாரின் பூர்வீகம் தமிழகத்தின் செட்டிநாடு. அங்கே காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரைச் சேர்ந்தவர் ரோஜா முத்தையா.

அவர் பேராசிரியர் அல்லர். பெரிய செல்வந்தரும் அல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். தொழிலுக்காகச் சென்னைக்கு வந்தவர், அங்கே மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் மனத்தைப் பறிகொடுத்தார். 1985இல் தீக்கிரையான அந்த மூர் மார்க்கெட், பழைய தாள்களின் கடல். அதில் வலை வீசினார் அவர். நூல்கள் மட்டுமா? வார இதழ், மாத இதழ், நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று எல்லாவற்றையும் சேர்த்தார். மற்றவர்கள் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டதை அவர் குனிந்து எடுத்தார். 1992இல் அவர் காலமானபோது கோட்டையூர் வீட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன.

இனிமேல்தான் உண்மையான சோதனை. சேர்த்தவர் போய்விட்டார். காக்க ஆள் வேண்டும், இடம் வேண்டும், பணம் வேண்டும். இத்தகைய நிலையில் எத்தனையோ சேமிப்புகள் செல்லரித்து மண்ணாகியிருக்கின்றன. இது பிழைத்தது. ஏன்?

அவர் உயிரோடு இருந்தபோதே அந்த வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஆய்வாளர்கள் தேடி வந்தார்கள், தங்கிப் படித்தார்கள், குறிப்பெடுத்தார்கள். அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்பது வெளியுலகத்துக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அவர் மறைந்ததும், அது அழிந்துவிடக்கூடாது என்று கவலைப்பட ஆள்கள் இருந்தார்கள். எழுத்தாளர் அம்பை, அறிஞர் ஏ.கே. இராமானுஜன், சிகாகோ பல்கலைக்கழக நூலகர் ஜேம்ஸ் நை ஆகியோரின் அக்கறையால் அந்தப் பல்கலைக்கழகம் 1994இல் குடும்பத்தாரிடமிருந்து சேமிப்பை வாங்கியது. வாங்கியதோடு கப்பலேற்றிக் கொண்டுபோகவும் இல்லை. தமிழர்கள் பயன்படுத்தும்படி சென்னையிலேயே வைத்தது. அதுதான் இன்று தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். உலகின் பல நாடுகளிலிருந்து தமிழ் ஆய்வு செய்ய வருபவர்கள் அதன் படியேறாமல் திரும்புவதில்லை.

ஆக, பிறர் அறிந்த சேமிப்பு பிழைத்தது. பூட்டி வைத்திருந்தால்? கோட்டையூர் வீட்டில் ஒரு லட்சம் தாள்கள் மக்கிப்போனது ஊருக்கே தெரிந்திருக்காது.

ஒரே இடத்தில் ஒரே பிரதி

இதன் மறுபக்கத்தையும் தமிழினம் கண்டிருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஆவணங்களும் சாம்பலாயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. கட்டடத்தை மீண்டும் கட்டினார்கள். வேறு பிரதி இல்லாத ஏட்டை மீண்டும் எழுத யாரால் முடியும்?

அந்த வலியிலிருந்து பிறந்த விழிப்பும் உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணையத் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறது. அதில் கிடைக்கும் பழைய இதழ்களின் பின்னால், தம் அலமாரியைத் திறந்துவிட்ட முகம் தெரியாத வாசகர்கள் இருக்கிறார்கள்.

மின்வடிவம் எடுத்துவிட்டால் தாளை எறிந்துவிடலாமா? அதிலும் எச்சரிக்கை தேவை. அமெரிக்க நூலகங்கள் பழைய நாளிதழ்களை நுண்படம் எடுத்துவிட்டு மூலத்தைக் கழித்துக் கட்டின. கறுப்பு வெள்ளை நுண்படத்தில் வண்ணப்படங்கள் மறைந்தன, சில பக்கங்கள் மங்கின. இதைக் கண்டு வருந்திய நிக்கல்சன் பேக்கர் என்ற எழுத்தாளர், பிரிட்டிஷ் நூலகம் கழித்துவிட்ட அமெரிக்க நாளிதழ்த் தொகுதிகளை 1999இல் தம் சேமிப்புப் பணத்தைப் போட்டு வாங்கினார். 2001இல் இதைப்பற்றி ஒரு நூலே எழுதினார். ஆனால் அவரும் அதைக் கட்டிக்கொண்டு அழவில்லை. 2004இல் முழுவதையும் டியூக் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். காப்பாற்றத் தெரிந்தவருக்குக் கைமாற்றவும் தெரிந்திருந்தது.

சேர்ப்பதும் குவிப்பதும்

"அப்படியானால் எதையும் எறியவே கூடாதோ?" என்று யாராவது கேட்கலாம். இல்லை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கோலியர் சகோதரர்கள் என்று இருவர் வாழ்ந்தார்கள். எதையும் எறியமாட்டார்கள். நாளிதழ்க் கட்டுகள் கூரை வரை எழுந்தன. 1947இல் இருவரும் அந்த வீட்டுக்குள்ளேயே இறந்து கிடந்தார்கள். ஒருவர், தாம் அடுக்கிய குவியல் சரிந்து அதனடியில் நசுங்கி இறந்தவர். வீட்டிலிருந்து அகற்றிய பொருள்கள் நூறு டன்னுக்கும் மேல்! இப்படி எதையும் விடமுடியாமல் குவிப்பதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013 முதல் தனி நோயாகவே பட்டியலிடுகிறது.

சேர்ப்பவருக்கும் குவிப்பவருக்கும் வேறுபாடு எளிது. சேர்ப்பவரிடம் "1968 தீபாவளி மலர் இருக்கிறதா?" என்று கேட்டால் சற்று நேரத்தில் எடுத்துத் தருவார். குவிப்பவருக்கு என்ன இருக்கிறது என்றே தெரியாது. தெரியாததை அவரும் பயன்படுத்த முடியாது, பிறருக்கும் கொடுக்க முடியாது. ஒருவர் தம்மை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்பதை அந்த ஒரு கேள்வியே சொல்லிவிடும்.

நம் நாட்டில் என்ன நிலை?

1986இல் இயற்றப்பட்ட நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, மலேசியாவில் பதிப்பிக்கும் எவரும் தேசிய நூலகத்துக்குப் பிரதிகள் கொடுக்கவேண்டும். ஆனால் சிறு இதழ்களின் கதை வேறு. நாலு நண்பர்கள் கைக்காசு போட்டு நடத்தி, ஆறு இதழோடு நின்றுபோனவை, பள்ளி ஆண்டு மலர்கள், கோயில் திருவிழா மலர்கள், இளைஞர் மன்ற வெளியீடுகள் எல்லாம் முழு வரிசையாக ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019இல் நின்றுவிட்டது. தமிழகத்தில் கல்கி இதழ் 2020இல் அச்சை நிறுத்தியது. இனி புதிதாக அச்சாகாத இதழ்களுக்கு, இருக்கும் பிரதிகள்தான் மிச்சம். அவற்றில் ஒரு பகுதி அம்பாங்கிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கலாம்.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் வழி காட்டியிருக்கிறார்கள். 1950களில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு வழியாக "தமிழ் எங்கள் உயிர்" என்ற நிதியைத் தொடங்கினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்கான நிதி அது. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியும் ஒரு வெள்ளி கொடுத்தார். யாரோ ஒரு பிள்ளை படிக்கவேண்டும் என்று, தம்மால் படிக்க முடியாத நூலுக்கு அவர் கொடுத்த பணம் அது. அவர் வழி வந்தவர்களுக்கு, தாம் படித்து முடித்த இதழைக் கொடுக்க மனம் வராதா?

எப்படிப் பிரிவது?

முதல் வேலை, பட்டியல். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இதழின் பெயர், ஆண்டு, மாதம், பக்கம் முழுமையாக இருக்கிறதா என்ற குறிப்பு. ஒரு வாரத்துக்கு ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டால் பளு தெரியாது. எழுதும்போதே எதை விடலாம், எதை விடமுடியாது என்று மனமும் தெளிந்துவிடும். பேரப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்து எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. அந்த இதழ்களைப் பற்றி அந்தப் பிள்ளை கேட்கும் முதல் கதை அதுவாக இருக்கும்.

இரண்டாவது, மூன்றாகப் பிரிப்பது. எங்கும் எளிதில் கிடைக்கும் இதழ்கள் ஒரு பக்கம். உள்ளூர் இதழ்கள், சிறு வெளியீடுகள், மலர்கள் மறுபக்கம். மனத்துக்கு மிக நெருக்கமான பத்துப் பன்னிரண்டு மட்டும் தனியாக. முதல் வகையைப் பள்ளிக்கோ நண்பருக்கோ தயங்காமல் கொடுக்கலாம். செல்லரித்துப் படிக்கவே முடியாததை எடைக்குப் போட்டாலும் பாவமில்லை. இரண்டாம் வகையில்தான் கவனம் வேண்டும். வரிசையைக் கலைக்காமல் சேர்த்தே கொடுக்கவேண்டும். ஓர் ஆண்டின் பன்னிரண்டு இதழ்களும் ஒன்றாக இருந்தால்தான் ஆய்வாளருக்குப் பயன்.

கதைப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு மீதியை எறியும் பழக்கத்தையும் விடவேண்டும். கதையை மறுபதிப்பில் படித்துவிடலாம். அதே இதழில் வந்த விளம்பரமும் வாசகர் கடிதமும் விலை விவரமும் வேறெங்கும் கிடைக்காது. ஒரு காலத்தில் மக்கள் எந்தச் சோப்பைப் பயன்படுத்தினார்கள், எதற்காகக் கோபப்பட்டார்கள் என்பதை அந்தப் பக்கங்கள்தாம் சொல்கின்றன.

மூன்றாவது, கேட்டுக் கொடுப்பது. நூலகத்தின் வாசலில் பெட்டியை இறக்கிவிட்டு வருவது தானமாகாது. நூலகத்துக்கும் இடம் குறைவு, ஆள் குறைவு. முதலில் பட்டியலை அனுப்பி, எது தேவை என்று கேட்கவேண்டும். கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகம், மலாயாப் பல்கலைக்கழக நூலகம், தமிழ்ப்பள்ளிகள், எழுத்தாளர் அமைப்புகள் என்று ஒவ்வொன்றையும் அணுகலாம். ஓரிடத்தில் வேண்டாம் என்றால் மனம் தளர வேண்டாம். இன்னொருவர் அதையே தேடிக்கொண்டிருப்பார்.

நான்காவது, கொடுக்கும்வரை பாதுகாப்பது. இதழ்த்தாள் மரக்கூழால் ஆனது. அதில் இருக்கும் அமிலம் தாளை மஞ்சளாக்கி ஒடியச் செய்கிறது. நம் நாட்டு ஈரக்காற்றில் பூஞ்சணமும் சேர்ந்துவிடும். பெட்டியைத் தரையில் வைக்காமல், சுவரை ஒட்டாமல், காற்றோட்டமான இடத்தில் உயர்த்தி வைக்கவேண்டும். துருப்பிடித்த கம்பித் தையலை மெதுவாக எடுத்துவிடலாம். கிழிந்த பக்கத்தில் ஒட்டுநாடா மட்டும் ஒட்டவே கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் தாளையே தின்றுவிடும். கரையானும் இராமபாணப் பூச்சியும் வந்துவிட்டதா என்று மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

ஐந்தாவது, படம் எடுப்பது. கைப்பேசியிலேயே அட்டைப் படத்தையும் பிடித்த பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் முழு இதழையும் இணையத்தில் பொதுவில் ஏற்றுமுன் யோசிக்கவேண்டும். மலேசியாவில் எழுத்தாளர் காலமாகி 50 ஆண்டுகள் வரையும், இந்தியாவில் 60 ஆண்டுகள் வரையும் பதிப்புரிமை உண்டு.

கடைசியாக, அந்தப் பத்துப் பன்னிரண்டு இதழ்கள். அவற்றை யாருக்கும் கொடுக்கவேண்டாம். வீட்டிலேயே இருக்கட்டும். ஆனால் ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு துண்டுத்தாளில் ஏன் அது பிடிக்கும் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். பின்னாளில் பெட்டியைத் திறக்கும் பிள்ளைகளுக்கு அது பழைய தாளாகத் தெரியாது.

நேயர்களே, இன்று திடமாக இருக்கும் கையால் கொடுத்தால், அந்த இதழ் எங்கே போகிறது என்று பார்த்து மகிழலாம். கொடுக்காமல் போனால் அந்த முடிவை எடுப்பவர் வேறொருவர். அவருக்கு அதன் அருமை தெரிந்திருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. இந்த வார இறுதியில் ஒரு பெட்டியை மட்டும் இறக்கிப் பட்டியல் எழுதத் தொடங்குங்கள்.